பழைய நிலப்படங்களும் தமிழ்த்துறையின் பணியும்

நிலப்படம் என்றால் அது புவியியல் துறையாருக்கு உரியது என்றும், கணிப்பொறி என்றால் அது அறிவியல் துறையாருக்கு உரியது என்றும் ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் தமிழ் பயில்வோரிடையே இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் துறையின் மலரில் ஏரியையும் வாய்க்காலையும் நிலஅளவையையும் பற்றி எழுதுவானேன் என்று கேட்பாரும் இருக்கக்கூடும். பழைய சாலைகளையும் நீர்நிலைகளையும் துறைமுகங்களையும் கணிப்பொறியின் துணைகொண்டு ஆராயும் முறை உலகெங்கும் பரவிவரும் நாள் இது. அவ்வாராய்ச்சியில் இடம் காட்டும் பாதியைக் கருவி செய்துவிடுகிறது. பொருள் காட்டும் பாதி மொழியறிந்தாரின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் செய்வாரின்றிக் கிடக்கிறது என்பதே என் கருத்து.

முதலில் கருவி செய்யும் வேலை யாதெனக் காண்போம். பழைய படம் ஒன்றைப் படியெடுத்துக் கணிப்பொறியில் ஏற்றுகிறோம். அப்படத்திலும் இன்றைய செயற்கைக்கோள் படத்திலும் இடம் மாறாது நிற்பவை சிலவற்றைத் தேர்ந்தெடுக்கிறோம். கோயில் கோபுரம், பள்ளிவாசல், பழம்பாலம், மூன்று ஊர்களின் எல்லை கூடுமிடத்து நாட்டிய அளவைக்கல் ஆகியவை இதற்குத் தக்கவை. இதுவும் அதுவும் ஓரிடமே என்று கணிப்பொறிக்குச் சொல்லிவிட்டால், மென்பொருள் பழைய படத்தை இழுத்தும் சுருக்கியும் திருப்பியும் இன்றைய நிலத்தின் மீது விரித்துவிடும். நாம் குறித்த புள்ளி ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் விலகி விழுந்துள்ளது என்ற கணக்கையும் அதுவே தரும். மேலே விரித்த படத்தை மெல்லிய துணிபோல் ஊடுருவித் தெரியுமாறு செய்தால், நூறாண்டுக்கு முற்பட்ட ஏரியின் வயிற்றில் இன்றைய தெருக்கள் ஓடுவதைக் காணலாம். இவ்வேலைக்குரிய கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள் 2002ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பல நாட்டுத் தன்னார்வலர் வளர்த்துவரும் அது விலையின்றியே கிடைக்கிறது. இந்திய அரசும் 2021 பிப்ரவரியில் நிலப்படத் தரவுகள் தொடர்பான கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்திவிட்டது. எனவே, வசதியில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது.

கோபுரத்தைப் புள்ளியாகக் கொள்வது புதிதன்று. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கம். தென்னாட்டுச் சமவெளியில் உயர்ந்த குன்று கிடைக்காத இடங்களில் கோயில் கோபுரங்களையே அவர் அளவை நிலையங்களாகக் கொண்டார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. வேறொருவராயின் கருவியைக் கப்பலேற்றிவிட்டு ஓய்ந்திருப்பார். லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார். அன்று அவர் அளவைக்குத் துணைநின்ற கோபுரங்களே இன்று பழைய படத்தைப் புதிய படத்தோடு பொருத்தவும் துணைநிற்கின்றன.

ஆனால், எல்லாப் பழைய படத்தையும் இவ்வாறு விரித்துவிட முடியாது. சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அல்-இத்ரீசி 1154இல் நிறைவு செய்த உலகப்படம் புகழ்பெற்றது. அதில் தெற்கு மேலே இருக்கும், வடக்கு கீழே இருக்கும். அதைக் கணிப்பொறியில் தலைகீழாகத் திருப்புவது நொடிப்பொழுது வேலை. எனினும், திருப்பியபின் இன்றைய கடற்கரையோடு பொருத்த முயன்றால் மென்பொருள் படத்தைக் கந்தலாக்கிவிடும். பயணியரும் வணிகரும் சொன்னவற்றைத் தொகுத்து, எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர் என்ற முறையை வைத்து வரைந்த படம் அது. அத்தகைய படத்தில் கேட்க வேண்டிய கேள்வி ‘எங்கே’ என்பதன்று, ‘எதற்கு அடுத்து எது’ என்பதே. இந்த வேறுபாடு புலப்படாமல் கருவியை எடுத்தவர் பழைய படம் தவறானது என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடுவார்.

வரிசை சொல்லும் நூலும் இடம் காட்டும் படமும் கைகோத்தால் என்ன விளையும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்றைக் கூறலாம். கூஃபாவிலிருந்து மக்காவுக்குச் சென்ற ஹஜ் பயணியரின் பாலைவழி தர்பு ஸுபைதா எனப்படுகிறது. கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் அவ்வழியில் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் தங்குமிடங்களும் அமைக்கப் பெரும்பொருள் செலவிட்டமையால் அப்பெயர் நிலைத்தது. ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீளும் அவ்வழியின் நிலையங்களை 9ஆம் நூற்றாண்டில் அஞ்சல் துறை அதிகாரியாக விளங்கிய இப்னு குர்தாத்பிஹ் தம் நூலில் தொலைவுகளோடு நிரல்படுத்தினார். 1184இல் அவ்வழியே சென்ற இப்னு ஜுபைரும் அந்நீர்நிலைகளை வியந்து எழுதினார். பெயர்கள் ஏட்டில் இருந்தன. மணலில் எந்தக் கற்குவியல் எந்தப் பெயருக்குரியது என்பதுதான் பல இடங்களில் ஐயமாயிருந்தது.

அமெரிக்க நாட்டின் உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் எடுத்துக் குவித்த நிழற்படங்களில் பெருந்தொகுதி 1995இலும் அதற்குப் பின்னரும் மறைவு நீக்கி வெளியிடப்பெற்றது. எதிரியின் ஏவுகணையைத் தேடி எடுத்த படங்கள் வரலாற்று மாணவருக்குப் புதையலாய் அமைந்ததைக் காலத்தின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். புதிய குடியிருப்புகளும் பெரும்பண்ணைகளும் நிலத்தை மாற்றுவதற்கு முன்பிருந்த தோற்றம் அவற்றில் உறைந்து கிடக்கிறது. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளரும் ஈராக்கின் அல்-காதிஸிய்யா பல்கலைக்கழக ஆய்வாளரும் தர்பு ஸுபைதாவைப் படமாக்கும் பணியில் 1970களின் உளவுப் படங்களைப் புரட்டினர். கூஃபாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், பாலையோரத்துக் கோட்டை ஒன்றையும் ஆற்றுவெளியோரத்து ஊர் ஒன்றையும் இணைக்கும், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள இரட்டைச் சுவரின் தடம் அவர்கள் கண்ணிற் பட்டது. அகழி, ஆறு, கோட்டைகள் ஆகியன அமைந்த முறையை அரபு வரலாற்று நூல்களோடு ஒப்பிட்டு, 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்த காதிஸிய்யாப் போரின் களம் அதுவே என 2024 நவம்பரில் அறிவித்தனர். தேடியது சாலை, கிடைத்தது போர்க்களம். அரபு நூல்கள் இல்லையேல் அந்த இரட்டைக் கோடு பெயரில்லாத பழஞ்சுவர் ஒன்றாகவே நின்றிருக்கும்.

இங்கேதான் நம் துறைக்குரிய செய்தி தொடங்குகிறது. ஈராக்கின் பாலையில் அரபு நூல்கள் செய்த பணியைத் தமிழ்நாட்டின் வயல்வெளியில் செய்யக் கல்வெட்டும் செப்பேடும் ஊர்ப்பெயரும் காத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாகக் கணக்கு. இந்நாட்டு மக்கள் எழுப்பிய கட்டுமானங்களுள் பரப்பிலும் பயனிலும் இவற்றுக்கு ஒப்பானவை இல்லை எனலாம். இவற்றை வெள்ளையர் ஆட்சியில் வரைந்த நிலப்படங்கள் பெரும்பாலும் ‘டேங்க்’ என்ற ஒரே சொல்லாற் குறித்தன. ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல், ஊருணி, குட்டை, கேணி என நம் மக்கள் வகுத்து வழங்கிய சொற்கள் ஆங்கிலப் படத்தில் ஒன்றாகக் கரைந்துபோயின.

இது வெறும் சொல்லாராய்ச்சிச் சிக்கல் அன்று. ஏரி பாசனத்திற்கு உரியது. அதற்குக் கரையும் மதகும், மிகைநீர் வழியக் கலிங்கும், கலிங்கிலிருந்து அடுத்த ஏரிக்குச் செல்லும் வாய்க்காலும் உண்டு. ஊருணியோ ஊரார் உண்ணும் நீருக்கு உரியது, அதில் மாடு இறக்கவும் மக்கள் விடமாட்டார்கள். படத்தில் இரண்டும் நீலத் திட்டுகளே. ஏரியென்று எண்ணி ஊருணிக்கு மதகு தேடுபவரும், ஊருணியென்று எண்ணி ஏரியின் கலிங்கு வாய்க்காலை மறந்து அதன்மேல் சாலை போடுபவரும் பிழை செய்பவரே. முன்னவர் பிழையால் ஒரு கட்டுரை கெடும். பின்னவர் பிழையால் ஓர் ஊர் நீரில் மூழ்கும். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்னும் பெயர்களைக் கேட்ட அளவிலேயே தமிழ் மாணவனுக்கு அங்கே நீர் தங்கிய செய்தி விளங்கிவிடும். எந்த மென்பொருளுக்கும் அது தானாக விளங்காது. ஊர்ப்பெயர்களை ஆங்கிலேயர் எழுதிய கோலமோ தனிக்கதை. காஞ்சிபுரம் காஞ்சீவரமாயிற்று, செங்கற்பட்டு சிங்கிள்புட் ஆயிற்று. பேரூர்களுக்கே இந்நிலை என்றால் சிற்றூர்களின் பெயரைச் சொல்லவேண்டுவதில்லை. கணிப்பொறியில் தேடினால் கிடைக்காத அவ்வூர்களைத் தமிழ் ஓசையறிந்தவர் உரக்கப் படித்தே கண்டுபிடித்துவிடுவார்.

சென்னை மாநகரையே எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அச்சான சென்னைப் படங்களில், அண்ணாசாலைக்கு மேற்கே நுங்கம்பாக்கம் தொடங்கித் தெற்கு நோக்கி நீண்டு வளைந்து செல்லும் பெருநீர்ப்பரப்பு ஒன்றைக் காணலாம். ‘நெடிய ஏரி’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ‘லாங் டேங்க்’ என்று அது குறிக்கப்பெற்றுள்ளது. நகரின் மேற்கெல்லையே அந்த ஏரிதான். 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்திற்குப் பின்னர், மாம்பலத்துப் பகுதியில் நீரை வடித்துப் புதுநகர் அமைத்தனர். தியாகராய நகர் தோன்றியது அவ்வாறே. நுங்கம்பாக்கத்து ஏரிப்பகுதியும் காலப்போக்கில் தூர்ந்தது. 1976இல் எழுந்த வள்ளுவர் கோட்டமும் அந்நிலத்திலேதான் நிற்கிறது. குறள் முழுவதையும் கல்லில் பொறித்துவைத்த இடத்தின் அடியில் ஓர் ஏரி இருந்தது என்பது தமிழ் மாணவர் அறிந்திருக்க வேண்டிய செய்தியன்றோ! அப்பகுதியில் ‘லேக் ஏரியா’ என்றும் ‘டேங்க் பண்ட் ரோடு’ என்றும் இன்றும் வழங்கும் தெருப்பெயர்களே பழைய படத்திற்குச் சாட்சி கூறுகின்றன. ஏரிக்கரை என்ற சொல் ஆங்கிலத்தில் போய் ஒளிந்துகொண்டது, அவ்வளவே.

2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் வெள்ளம் தேங்கியபோது பலர் வியந்தனர். அதற்குக் காரணங்கள் பல. வடிகாலில் அடைப்பு உண்டு, மழையின் கடுமையும் உண்டு. எனினும், பழைய படத்தை விரித்துப் பார்த்தவருக்கு அது முழு வியப்பாய் இருந்திராது.

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். கணிப்பொறித் திரையில் கோடு மிகத் துல்லியமாகத் தெரியும். எத்தனை மடங்கு பெருக்கினாலும் அது மெலிந்தே தோன்றும். ஆனால் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்த பழைய படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். வரைந்தவரின் எழுதுகோல் சற்றே தடித்திருந்தால் ஒரு தெருவே அதனுள் அடங்கிவிடும். அச்சடித்த தாள் நூறாண்டில் சுருங்கிய சுருக்கத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். படம் எடுத்த மாதத்தில் ஏரி நிறைந்திருந்ததா வற்றியிருந்ததா என்பதும் ஒரு கேள்வி. விண்கலம் ஒன்று 2000 பிப்ரவரியில் உலகை அளந்து தந்த உயரக் கணக்கை வைத்து எங்கே நீர் நிற்கும் எனக் கணிக்கும் வழக்கமும் உண்டு. நகரத்தில் அது வீட்டுக் கூரையை அளந்ததா தரையை அளந்ததா என்று பார்க்காமல் அதனை நம்புவது பேதைமை.

இதனை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஏரி ஆக்கிரமிப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் இடிபடுவது கரையோரத்து ஏழையின் ஓட்டு வீடு. ஏரியின் நடுவயிற்றில் பட்டாவோடும் அரசு ஒப்புதலோடும் எழுந்த மாடிகளை ஒருவரும் தொடுவதில்லை. 63 மீட்டர்ப் பிழையுள்ள படத்தை விரித்துவைத்து, ‘இதோ கணிப்பொறி சொல்கிறது, நீ ஏரிக்குள் குடியிருக்கிறாய்’ என்று ஒரு குடும்பத்தை வெளியேற்றுவது ஆராய்ச்சி ஆகாது. எல்லையைத் தீர்மானிக்க வேண்டுமானால் புல எண் வாரியாக அளந்த கிராம வரைபடமும் புலப்படமும் அ-பதிவேடும் வேண்டும். பழைய சிற்றளவுப் படம் இங்கே ஏரி இருந்தது என்று சாட்சி சொல்லும். அதன் விளிம்பு இந்தச் சுவரிலா அடுத்த சுவரிலா என்று சொல்ல அதற்குத் தகுதியில்லை. படம் வரைந்தவரின் நோக்கத்தையும் மறக்கக்கூடாது. வரி வாங்குவதற்காக வரைந்த படத்தில் வரி விளையும் நிலம் தெளிவாகவும், வரி தராத மேய்ச்சற் புறம்போக்கும் இடுகாடும் சுடுகாடும் மங்கலாகவும் இருத்தல் இயல்பே.

வெள்ளையர் வருவதற்கு முன் நம்மவர் நிலம் அளக்கவில்லையா என்று மாணவர் கேட்கலாம். அளந்தனர். படமாக வரையாமல் சொல்லாக எழுதிவைத்தனர். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னர் எடுப்பித்த புத்த விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தி பெரிய லெய்டன் செப்பேட்டில் உள்ளது. கொடை நிலத்தைச் சுற்றிப் பெண்யானையை நடத்தி, அது சென்ற வழியே கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வகுப்பது சோழர் கால முறை. அவ்வெல்லை எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, எந்தக் குளத்திற்கு வடக்கு, எந்த ஊர் நிலத்திற்கு மேற்கு என்று இத்தகைய செப்பேடுகள் வரிவரியாகக் கூறிச்செல்கின்றன. யானையின் நடையைச் சொற்களால் வரைந்த நிலப்படம் என்றே அவற்றைக் கொள்ளலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளில் ஏரி வாரியம் என்ற குழுவையே குறிக்கின்றன. நீர்நிலையைக் காக்கத் தனிக்குழு அமைத்த மக்கள் அதன் உறுப்புகளுக்குத் தனித்தனிப் பெயர் இட்டதில் வியப்பில்லை.

பேராசிரியர் எ. சுப்பராயலு கல்வெட்டுகளில் வரும் ஊர்களையும் நாடுகளையும் ஒவ்வொன்றாக அடையாளங்கண்டு சோழநாட்டின் அரசியற் புவியியலை நூலாக்கி 1973இல் வெளியிட்டார். அவர் கணிப்பொறியை நம்பி அதைச் செய்யவில்லை. கல்வெட்டுத் தமிழும் ஊர் ஊராய்த் தேடும் பொறுமையுமே அவரது கருவிகள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தென்னிந்திய வரலாற்று நிலப்படத் தொகுப்புக்கு அத்தகைய உழைப்பே அடித்தளம். தமிழறிவு முதலில் வந்தது, கணிப்பொறி பின்னர் வந்தது. இன்று அந்த வரிசையைத் தலைகீழாக்கி, மென்பொருள் பயிற்சி இரண்டு நாள் அளித்துவிட்டாலே ஆராய்ச்சி நடந்துவிடும் என்று எண்ணுவாரைக் காண்கிறோம். வண்ணம் தீட்டிய படத்தைச் சுவரில் மாட்டி மகிழ்வதற்கு அது போதும்.

நம் துறையில் இப்பணியை எப்படித் தொடங்குவது? பெருந்திட்டம் எதுவும் வேண்டுவதில்லை. ஆய்வேடு எழுதும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரின் ஒரே ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளட்டும். அவ்வூர்க் கல்வெட்டு தொகுதிகளில் வெளிவந்திருந்தால் அதில் வரும் வாய்க்கால், மதகு, தூம்பு, குமிழி முதலிய பெயர்களைக் குறித்துக்கொள்ளட்டும். கிராம வரைபடத்தின் படியை வருவாய்த் துறையிடம் முறைப்படி பெறலாம். அதைச் செயற்கைக்கோள் படத்தின் மீது விரிக்க ஒரு பிற்பகல் போதும், அதனைக் கற்பிக்கப் புவியியல் துறை நண்பர்கள் உவந்து முன்வருவர். பிறகு நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் வழங்கப்பெறும், மதகைத் திறந்து அடைக்கும் உரிமையுடைய முதியவரைத் தேடிச் சென்று, அவரோடு கரைமீது நடந்து, அவர் சொல்லும் பெயர்களை அவர் சொன்ன ஒலியிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இவ்வேலைகளுள் தள்ளிப்போடக் கூடாதது இதுவே. கல்வெட்டு இன்னும் சில நூற்றாண்டு நிற்கும். நீர்பாய்ச்சும் பெரியவர் நிற்கமாட்டார். அவருடைய பிள்ளைகள் பெரும்பாலும் வேறு தொழிலுக்குப் போய்விட்டனர்.

புதுக்கோட்டைப் பகுதிக் கண்மாய்கள் பலவற்றுள் இரண்டு கற்றூண்கள் நட்ட குமிழித்தூம்புகள் இன்றும் நிற்கின்றன. அவற்றுட் சில எழுத்துடையவை. நீர் நிறைந்த காலத்தில் தூணின் தலை மட்டுமே வெளியே தெரியும். வற்றிய பிறகு அருகே நடந்து சென்று, எழுத்தைப் படித்து, இடத்தைக் கைபேசியிலேயே குறித்துக்கொள்ளலாம். சித்திரையும் வைகாசியும் அதற்கு ஏற்ற மாதங்கள். தேர்வு முடிந்த விடுமுறையும் அப்போதுதான் வருகிறது.